கண்ணிழந்த வீரர்களுக்குத் தொழில் தந்த ஆர்தர் பியர்சன்

சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் பிரபுவின் பெயரை நம் பள்ளிச் சாரணியரைக் கேட்டால் உறக்கத்திலும் சொல்லிவிடுவார்கள். 1908ஆம் ஆண்டில் அவர் சிறுவர்களுக்காக எழுதிய நூல் வெளிவருவதற்கும், அதே ஆண்டில் சாரணர்களுக்கென ஒரு வார இதழ் தொடங்குவதற்கும் பின்னின்று உதவிய பத்திரிகை அதிபர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஆர்தர் பியர்சன். அதே 1908ஆம் ஆண்டில்தான் அவருடைய கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அவர் பார்வையை அடியோடு இழந்தார். கண் தெரிந்த காலத்தில் அவர் செய்தவற்றை அவர் நாட்டிலேயே பலர் மறந்துவிட்டனர். கண் தெரியாத காலத்தில், எட்டே ஆண்டுகளுக்குள் அவர் செய்து முடித்ததைத்தான் நாம் இங்கே சொல்லப் புகுகிறோம்.

பியர்சன் இங்கிலாந்தில் சாமர்செட் மாவட்டத்து வூக்கி என்னும் சிற்றூரில் 1866 பிப்ரவரி 24ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஆங்கிலிக்கன் திருச்சபைக் குரு. மகன் வின்செஸ்டர் நகரின் புகழ்பெற்ற பள்ளியில் படித்தார். அந்நாளில் லண்டனிலிருந்து 'டிட் பிட்ஸ்' என்றொரு வார இதழ் வெளிவந்துகொண்டிருந்தது. துணுக்குச் செய்திகளே அதன் சரக்கு. 1884ஆம் ஆண்டில் அந்த இதழ் ஒரு வினாவிடைப் போட்டி நடத்தியது. வாரந்தோறும் கேள்விகள் வரும். கடைசியில் மிகுதியான மதிப்பெண் பெற்றவருக்கு இதழின் அலுவலகத்திலேயே எழுத்தர் வேலை பரிசு. விடை தேடுவதற்காகப் பதினெட்டு வயது பியர்சன் பெட்ஃபோர்டு நகர நூலகத்துக்கு மைல் கணக்கில் சைக்கிள் மிதித்தார். வேலையும் கிடைத்தது. ஓராண்டுக்குள் அவர் அந்த இதழின் மேலாளராகவே உயர்ந்துவிட்டார்!

1890இல் சொந்தமாக ஒரு வார இதழைத் தொடங்கினார். விற்பனையைப் பெருக்க என்னென்ன உத்திகள் உண்டோ அத்தனையும் கையாண்டார். ஒரு பத்தியை அச்சிட்டு, அதில் ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு, அதைக் கண்டுபிடிப்போருக்குப் பரிசு என்று அறிவித்தார். நாடே பித்துப்பிடித்ததுபோல் அதில் இறங்கியது. இது அறிவுப் போட்டியன்று, லாட்டரியே என்று 1892இல் நீதிமன்றம் தீர்ப்புக் கூறிய பிறகுதான் அது நின்றது. இதை மறைத்துவிட்டு எழுத நமக்கு விருப்பமில்லை. அவர் ஒரு வியாபாரி, ஆரவாரப் பிரியர். ஆனால் அதே 1892இல்தான் லண்டன் சேரிக் குழந்தைகளை ஒரு நாளேனும் பச்சை வயல்வெளிக்கு அழைத்துச் செல்ல ஒரு நிதியையும் தொடங்கினார். ஒரு குழந்தைக்கு ஒன்பது பென்னி போதும் என்று கணக்கிட்டு, அந்தத் தொகையை வாசகர்களிடம் கேட்டுக்கேட்டு வாங்கினார். ஆரவாரம் தெரிந்த மனிதரிடம் கருணையும் சேர்ந்தால் எவ்வளவு பணம் திரட்டலாம் என்பது அப்போதே தெரிந்துபோயிற்று. 1900இல் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழை நிறுவினார். முதற்பக்கம் முழுவதும் விளம்பரமே நிறைந்திருந்த காலத்தில் அங்கே செய்தியைப் போட்ட பத்திரிகை அது.

இவ்வளவு ஓட்டமும் கண்ணை நம்பியே நடந்தது. அவருக்கு வந்தது கிளாக்கோமா என்னும் நோய். கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு சிறிது சிறிதாகப் பட்டுப்போகும். பெரும்பாலோர்க்கு வலியே இராது. பக்கப் பார்வை முதலில் குறுகும். தெரிய வரும்போது பாதி போயிருக்கும். போனது திரும்பாது. (வீட்டில் பெரியவர்கள் யாருக்கேனும் இந்நோய் இருந்தால் மற்றவர்களும் கண் அழுத்தத்தைச் சோதித்துக்கொள்வது நல்லது என்பதைப் பெற்றோர் குறித்துக்கொள்க.) அறுவைச் சிகிச்சை பலிக்கவில்லை. பத்திரிகைகளை ஒவ்வொன்றாகக் கைமாற்றிவிட்டு, நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய அம்மனிதர் இருட்டில் நடக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார்.

இன்னொருவர் தம் கையைப் பிடித்து நடத்துவதும், தட்டில் இருப்பதை வெட்டிக் கொடுப்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. தாமே சவரம் செய்துகொள்ளவும், தாமே உடுத்தவும், தாமே மாடியேறவும் பழகினார். அப்பழக்கத்தில் அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. கண்ணிழந்தவர்க்குப் பார்வையின்மை ஒரு சுமை. சுற்றியிருப்போர் காட்டும் இரக்கம் அதைவிடப் பெரிய சுமை. மூன்று வேளையும் பிறர் ஊட்டிவிட்டால் கை மறந்துபோகிறது. கை மறந்தால் மனமும் மறந்துபோகிறது.

1913இல் பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தில் பொருளாளராகச் சேர்ந்து, மறு ஆண்டே தலைவரானார். ஆண்டுக்கு ஏறக்குறைய 5,200 பவுன் வருமானத்தில் தள்ளாடிய அந்நிறுவனம் எட்டே ஆண்டுகளில் 3,60,000 பவுன் திரட்டும் நிலைக்கு வந்தது. விடுபட்ட சொல்லைத் தேடவைத்து நாட்டை ஆட்டிவைத்தவருக்கு நன்கொடை கேட்கவா தெரியாது!

பார்வையற்றோர் தொழில் செய்வது அந்நாளில் புதிதன்று. பாரிஸில் வாலண்டைன் அவுயி 1780களிலேயே அவர்களுக்குப் பள்ளி கண்டார். பிரிட்டனில் 1791இல் லிவர்பூல் நகரில் முதற்பள்ளி தோன்றியது. பின்னர் ஊர்தோறும் தொழிற்கூடங்கள் ஏற்பட்டன. அங்கே கூடை முடைந்தார்கள், பாய் பின்னினார்கள், தூரிகை கட்டினார்கள். ஆயினும் கூலி வயிற்றுக்குக் காணாது. தொழிற்கூடத்தில் இடமில்லாதவர்கள் தெருமுனையில் நின்றார்கள். தொழில் கற்றுத் தேறியவர்கூட வீடு திரும்பிய சில ஆண்டுகளில் மறுபடி பிச்சைத் தட்டுக்கு வந்துவிடுவது எப்படி என்ற கேள்வி பியர்சனைக் குடைந்துகொண்டே இருந்தது.

இந்நிலையில் 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. துப்பாக்கிக் குண்டும், பீரங்கிக் குண்டுச் சிதறலும், பின்னாளில் நச்சுப்புகையும் இளைஞர்களின் கண்களைப் பறித்தன. பதினெட்டும் இருபதும் நிரம்பிய பிள்ளைகள். நேற்றுவரை வயலிலும், சுரங்கத்திலும், ஆலையிலும் உழைத்தவர்கள். அரசாங்கம் ஓய்வூதியம் தரும். அதை வாங்கிக்கொண்டு இன்னும் ஐம்பது ஆண்டுகள் அடுப்பங்கரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பதா? பியர்சன் ஒரு குழுவை அமைத்து, 1915 பிப்ரவரியில் லண்டனில் ஒரு வீட்டைப் பிடித்தார். இரண்டொரு வீரர்களே முதலில் வந்தனர். அடுத்த மாதமே அந்த இடம் போதாமற்போயிற்று. அப்போது ஓட்டோ கான் என்ற அமெரிக்க வங்கி அதிபர் ரீஜண்ட்ஸ் பூங்காவிலிருந்த தம் மாளிகையை, பரந்த தோட்டத்தோடு, பயன்படுத்திக்கொள்ளக் கொடுத்தார். அந்த மாளிகையின் பெயர் செயிண்ட் டன்ஸ்டன்ஸ்.

பெயர்க் காரணம் சுவையானது. லண்டனில் பத்திரிகை அலுவலகங்கள் நிறைந்த ஃபிளீட் தெருவில் புனித டன்ஸ்டன் ஆலயம் உண்டு. அதன் பழைய கடிகாரத்தில் இரண்டு அரக்கர் பொம்மைகள் கதையால் மணியை அடிக்கும். ஆலயத்தை இடித்துக் கட்டியபோது பிரபு ஒருவர் அந்தக் கடிகாரத்தை விலைக்கு வாங்கித் தம் மாளிகையில் பொருத்தினார். மாளிகைக்கும் அப்பெயரே ஒட்டிக்கொண்டது. பத்தாம் நூற்றாண்டில் கான்டர்பரியின் பேராயராக விளங்கிய புனித டன்ஸ்டன் உலோக வேலையில் கைதேர்ந்தவர். பொற்கொல்லர்கள் அவரைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டாடினர். கைத்தொழில் கற்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் யோசித்துத் தேடினாலும் கிடைத்திராது. கண்ணிழந்த வீரர்கள் காலையும் மாலையும் கேட்டது ஃபிளீட் தெருக் கடிகாரத்தின் மணியோசையைத்தான். அந்தத் தெருவில் ஓடியாடிய பியர்சனும் அவர்களோடு அதைக் கேட்டார்.

அவர் தம் வேலையை மாளிகையில் தொடங்கவில்லை, மருத்துவமனைக் கட்டிலருகே தொடங்கினார். கட்டுப் போட்ட கண்களோடு கிடக்கும் சிப்பாய்க்குப் பகலும் இரவும் ஒன்றே. மணி என்ன என்று தாதியரைக் கேட்டுக்கேட்டு அலுத்துப்போயிருப்பான். அவன் கையில் பியர்சன் ஒரு கடிகாரத்தை வைப்பார். அதன் மூடியைத் திறந்து முட்களைத் தடவினால் மணி தெரியும். பெரிய ஆறுதல் மொழிகள் ஏதும் தேவைப்படவில்லை. தானே ஒன்றைத் தெரிந்துகொண்டோம் என்ற நினைவு அவனுக்கு வந்துவிடும். தனக்கு அந்தக் கடிகாரத்தைக் கொடுத்தவருக்கும் கண் தெரியாது என்பதை அதன் பிறகே பலர் அறிந்தனர்.

செயிண்ட் டன்ஸ்டன்ஸில் வழிகாட்டக் கையைப் பிடிப்பவர் இல்லை. தரையில் நீளநீளமாக விரிப்புகள் போட்டிருந்தார்கள்; விரிப்பின்மீது நடந்தால் எதிலும் மோதமாட்டார்கள். தோட்டப் பாதைகளில் கைப்பிடிக் கம்பிகள். கண்ணிழந்தவர்களே பலர் ஆசிரியராக இருந்தனர். இது வெறும் சிக்கனத்துக்காகச் செய்ததன்று. தன்னைப்போன்ற ஒருவன் செய்து காட்டும்போது மாணவனால் முடியாது என்று சொல்ல இயலாதல்லவா?

வேலை நேரம் காலையும் மாலையுமாகச் சேர்த்து ஐந்து மணியளவே. பார்வையின்றிக் கவனம் செலுத்துவது மூளையைக் களைக்கச் செய்யும் என்று அவர் தம் அனுபவத்தில் அறிந்திருந்தார். ஒரு வேளை வகுப்பறையில் பிரெயிலும் தட்டச்சும். மறு வேளை பட்டறையில் தொழில். மீதி நேரம் ஏரியில் படகு வலித்தார்கள், கயிறிழுத்தார்கள், நடனம்கூட ஆடினார்கள். தட்டச்சில் தேறியவனுக்கு அந்த யந்திரத்தையே பரிசாகக் கொடுத்து அனுப்பினார்கள். போர்முனைக்குச் சென்றவன் இனித் தன் தாய்க்குத் தானே கடிதம் எழுதலாம்.

தொழில்கள் பல. கூடை முடைதலும் பாய் பின்னுதலும் பழைய தொழில்கள். செருப்புத் தைக்க விட்டபோது, கூரிய கத்தியையும் ஆணியையும் இவர்களிடம் தருவதா என்று தயங்கியோர் பலர். தோலின் விளிம்பை விரலால் தடவி அளந்து, வரிசை பிசகாமல் ஆணி அடிக்க அவர்கள் சில மாதங்களில் கற்றுக்கொண்டார்கள். தச்சு வேலையில் படச்சட்டமும் தட்டும் செய்தார்கள். தொலைபேசி இணைப்பகத்தில் அந்நாளில் அழைப்பு வந்தால் பலகையில் ஒரு சிறு மூடி விழும். கண் உள்ளவர் அதைப் பார்ப்பார். கண் இல்லாதவர் அது விழும் ஓசையைக் கேட்டு, கையோட்டி, இணைப்பைக் கொடுப்பார். சுருக்கெழுத்துக்கு நாடாக் காகிதத்தில் பிரெயில் புள்ளிகளைக் குத்தும் ஒரு சிறு யந்திரம் இருந்தது. அதில் குறித்ததை விரலால் படித்து, சாதாரணத் தட்டச்சுப் பொறியில் கடிதமாக அடித்துத் தந்தார்கள்.

கோழி வளர்ப்பும் உண்டு. கொண்டையையும் இறகையும் தொட்டுப் பார்த்தே இது இன்ன இனம் என்று சொல்லிவிடுவார்கள். இதில் பியர்சனின் நடைமுறை அறிவு நன்கு தெரிகிறது. கோழிப்பண்ணையை ஒற்றை ஆள் நடத்த முடியாது. ஆகவே வீரனின் மனைவியோ, தாயோ, சகோதரியோ வந்து தாமும் அத்தொழிலைக் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தார். எதை அவன் செய்வது, எதற்கு அவள் கண் வேண்டும் என்று இருவரும் சேர்ந்தே பழகினார்கள்.

எல்லாவற்றிலும் உயர்ந்ததாக அவர் கருதியது உடல் பிடித்துவிடும் மருத்துவம். உடற்கூறு படித்து, கண் உள்ளவர்களோடு சமமாகத் தேர்வு எழுதித் தேற வேண்டும், சலுகை கிடையாது. தேறியவர்கள் இராணுவ மருத்துவமனைகளில் பணிக்கு அமர்ந்தார்கள். போரில் கண்ணை இழந்தவன், போரில் முடங்கிய இன்னொருவனின் காலை நீவி நடக்கவைத்தான். இக்காலத்தில் இயன்முறை மருத்துவம் என்கிறோமே, பிரிட்டனில் அத்துறையில் பார்வையற்றோர் நல்ல பெயர் எடுத்ததற்கு இவர்கள் வழிகோலினார்கள்.

இதுவரை சொன்னதை ஒரு நல்ல பயிற்சிப் பள்ளி என்றே கொள்ளலாம். பியர்சனை நாம் பெரிதாக மதிப்பது இதற்கு அடுத்ததற்காக. தொழில் கற்றவன் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்படும் நாளில் மற்ற நிறுவனங்கள் கணக்கை முடித்துவிடும். இங்கே அன்றுதான் இரண்டாவது கணக்குத் தொடங்கும். தனிப் பிரிவு ஒன்று அவனுக்குக் கடையோ, வீடோ, பண்ணையோ தேடித் தரும், கருவிகள் தரும், தோலும் பிரம்பும் அடக்க விலைக்கு அனுப்பும், விற்காத சரக்கை வாங்கி விற்றுத் தரும். அத்துடன், தொழில் அறிந்த மேற்பார்வையாளர்கள் ஊர் ஊராகச் சென்று அவன் வேலையைப் பார்வையிடுவார்கள். கூடையின் விளிம்பு சற்றே சாய்ந்திருக்கும். பாயின் ஓரம் ஓரிழை தளர்ந்திருக்கும். கண் உள்ளவன் தன் பிழையைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்வான். இல்லாதவனுக்கு யாரும் சொல்லாவிட்டால் அந்தச் சாய்வு பழக்கமாகிவிடும். வாங்குபவர் முகத்துக்கு நேரே குறை சொல்லமாட்டார். இரக்கப்பட்டு ஒரு முறை வாங்குவார், மறுமுறை வரமாட்டார். முன்னாளில் தேறியவர்கள் மறுபடி பிச்சைத் தட்டுக்கு வந்தது இப்படித்தான். பியர்சனைக் குடைந்த கேள்விக்கு அவர் கண்ட விடை இதுவே.

இன்று உடல் ஊனமுற்றோரும் மனவளர்ச்சி குன்றியோரும் வேலைக்குச் செல்லும்போது ஒரு துணைப் பயிற்சியாளர் அவர்களோடு பணியிடத்துக்கே போய், வேலையைப் பிரித்துச் சொல்லிக்கொடுத்து, முதலாளிக்கும் விளக்கி, பின்னும் அவ்வப்போது வந்து பார்க்கும் முறை பல நாடுகளில் உண்டு. 1980களில் அமெரிக்காவில் இது சட்டத்திலும் இடம்பெற்றது. பியர்சன் முதலில் கற்பித்துப் பிறகு வேலையில் அமர்த்தினார். இம்முறையில் முதலில் வேலை, அங்கேயே கற்றல். அந்த வேறுபாடு சிறிதன்று. ஆனால் ஆளை அமர்த்திய பின்னும் உடன் இருக்க வேண்டும் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார்.

குறை இல்லையா என்றால் உண்டு. எப்போதும் உற்சாகமாக இரு, அழாதே, இரக்கம் தேடாதே என்ற அவருடைய கண்டிப்பு எல்லோருக்கும் ஒத்துவந்திருக்குமா என்று நமக்கு ஐயமே. கண்ணோடு கையையும் இழந்தவர் அங்கே இருந்தனர். முகம் சிதைந்தவர் இருந்தனர். இருபது வயதுப் பிள்ளைக்குத் தனியே அழ ஓர் இரவேனும் வேண்டாமா? இன்னொன்று: போரில் கண்ணிழந்தோருக்கு நாடு அள்ளிக் கொடுத்தது, பிறவியிலோ நோயிலோ ஆலை விபத்திலோ இழந்தோருக்கு அந்தப் பரிவு கிடைக்கவில்லை. 1920 ஏப்ரலில் பார்வையற்ற தொழிலாளர் ஏறக்குறைய 250 பேர் நாட்டின் பல பகுதிகளிலிருந்து லண்டனுக்கு நடந்தே வந்தார்கள். தர்மம் வேண்டாம், நியாயம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. நன்கொடை திரட்டுவதில் நாட்டிலேயே வல்லவரான பியர்சனின் வழிக்கு இது ஒரு மறுப்பு என்றே சொல்லலாம். அவ்வாண்டே பார்வையற்றோர் சட்டம் நிறைவேறியது. ஐம்பது வயதில் ஓய்வூதியமும், அவர்கள் நலனைக் கவனிக்கும் கடமை உள்ளாட்சி மன்றங்களுக்கும் அதன்மூலம் வந்தன. நியாயம் கேட்டு நடந்தவர்களும் வேண்டியிருந்தார்கள், பட்டறை வாசலில் நின்ற பியர்சனும் வேண்டியிருந்தார் என்பது நம் கருத்து.

1921ஆம் ஆண்டு வரையில் 1,500க்கு மேற்பட்ட வீரர்கள் அவருடைய நிழலுக்கு வந்திருந்தனர். 1916இல் அரசு அவருக்குப் பாரனெட் பட்டம் அளித்தது. 1921 டிசம்பர் 9ஆம் நாள் காலை, தம் வீட்டுக் குளியலறையில் வழக்கம்போல் தனியே சென்றவர் கால் இடறி விழுந்து, தலையில் அடிபட்டு நினைவிழந்து, தொட்டி நீரிலேயே உயிர்நீத்தார். வயது 55. துணைக்கு ஆள் வைத்துக்கொள்வதில்லை என்ற அவர் பிடிவாதத்தை அன்று சிலர் நொந்துகொண்டிருப்பார்கள். அவருடைய இறுதி ஊர்வலத்தில் கண்ணிழந்தோர் பலர் தோள்தொட்டு நடந்தனர்.

அவர் இடத்துக்கு வந்தவர் இயான் ஃபிரேசர். 1916இல் சோம் போர்க்களத்தில் பதினெட்டு வயதில் கண்ணை இழந்து, பியர்சனிடம் பயின்றவர். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். 1974இல் இறக்கும்வரை, 50 ஆண்டுகளுக்கும் மேலாக அவரே அந்நிறுவனத்தின் தலைவர். இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த பெண்களும் அங்கே பயிற்சி பெற்றனர். 2012 முதல் அந்நிறுவனம் வேறு பெயரில் இயங்கி வருகிறது. அரக்கர் பொம்மைக் கடிகாரம் 1935லேயே ஃபிளீட் தெரு ஆலயத்துக்குத் திரும்பிவிட்டது.

பியர்சனின் மாணவர்களுள் நியூசிலாந்து நாட்டு இளைஞர் ஒருவர் இருந்தார். பெயர் கிளூத்தா மெக்கன்சி. 1915 ஆகஸ்டில் கலிப்போலிப் போரில் கண்ணிழந்தவர். தம் நாட்டில் பார்வையற்றோர் நிறுவனத்தை நடத்திய பின், இரண்டாம் உலகப் போரின்போது இந்தியா வந்தார். கண்ணிழந்த இந்தியச் சிப்பாய்களுக்காக 1943இல் டேராடூனில் ஒரு விடுதி ஏற்பட்டது. அதற்கும் செயிண்ட் டன்ஸ்டன்ஸ் என்றே பெயர். 1950இல் இந்திய அரசு அதை ஏற்று, வயது வந்த பார்வையற்றோருக்கான பயிற்சி நிலையமாக்கியது. இன்று அதுவே தேசிய நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது.

நம் நாட்டில் அப்போது பிரெயில் எழுத்து மாகாணத்துக்கு ஒன்றாக இருந்தது. ஒருவர் அச்சிட்டதை மற்றவர் படிக்க முடியாது. மெக்கன்சியும் யுனெஸ்கோவும் பாடுபட்டதன் பயனாக 1951இல் இந்திய மொழிகள் யாவற்றுக்கும் பொதுவாகப் பாரதி பிரெயில் வகுக்கப்பட்டது. தமிழும் அதில் அடங்கும். ரீஜண்ட்ஸ் பூங்கா வகுப்பறையில் அந்த இளைஞர் முதன்முதலில் விரலால் தொட்டது ஆங்கிலத்தின் முதல் எழுத்து. மேலே இடப்பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி. இன்று நம் ஊர்ப் பார்வையற்றோர் பள்ளியில் முதல் நாள் வரும் குழந்தையின் விரலை அதே புள்ளியின்மேல் வைத்து, இது அகரம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.